இரண்டாவது பொட்டலம்

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தேகம். எனக்கு எதிலும் முதலில் வருவது அதுதான். கவலை பின்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மெதுவாக வந்து சேரும்.

ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார் டாக்டர். அவர் அறை வாசலைத் தாண்டுவதற்குள் நான் அபிப்பிராயம் சொல்லிவிட்டேன். "கட்டடம் எவ்வளவு பெரிசா கட்டியிருக்கான் பாத்தியாக்கா? இதுக்குள்ள வர்றவங்களை எல்லாம் அறுத்தாதான் கட்டுப்படியாகும்." சொன்னதோடு நிற்கவில்லை. திருச்சியில் ஒரு டாக்டர், சென்னையில் ஒரு டாக்டர் என்று அக்காவை அலைக்கழித்தேன். அவர்களும் வரிக்கு வரி அதையே சொன்னார்கள். மூவரும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களாக இருக்குமோ என்று அவர்களுடைய சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை எட்டிப் படித்தேன். வேறு வேறு கல்லூரிகள். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஆனால் அதற்குள் அக்காவுக்குக் கும்பகோணத்தில் தன் வீட்டு மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏற முடியாமல் போய்விட்டது. படி நடுவில் உட்கார்ந்து, கொடியில் காயும் துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் ஆபரேஷன் கட்சிக்கு மாறிவிட்டேன். கட்சி மாறியவர்களுக்கே உரிய ஆவேசத்தோடு பிரசாரமும் செய்தேன். அக்கா அசையவில்லை.

"மூணு டாக்டர் சொல்லியாச்சு. இன்னும் என்னக்கா?"

"நாலாவதா ஒருத்தரைக் கேக்கணும்."

"யாரை? மதுரையிலயா?"

"பாட்டுக்காரரை."

ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான், பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய்விட்டார். அவர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசாமலிருப்பதை ஒரு துறையாகவே வளர்த்தவர்.

பாட்டுக்காரர் என்பவர் காலமாகிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஊர் ஊராக நடந்து சிவனைப் பாடிய அடியார்களில் ஒருவர். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில் ஒரு கிராமத்தில் அவருக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'எங்க பாட்டுக்காரரு' என்பார்கள், ஏதோ மாடியில் குடியிருப்பவரைப் போல. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தக் கரையில் நடந்தால் கோயில் வரும் என்று தெரியாமல் அவர் நின்றாராம். கண்ணை மூடிப் பாடினாராம். தண்ணீரில் இரண்டு பூக்கள் மிதந்து வந்தன. வெள்ளைப் பூ ஒரு கிளையில் போயிற்று, சிவப்புப் பூ இன்னொன்றில் போயிற்று. வெள்ளையின் பின்னாலேயே நடந்து போனார், கோயில் இருந்தது.

அன்றிலிருந்து அங்கே பூக்கட்டிக் கேட்கிறார்கள். நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி நாரால் கட்டி, ஒரு தட்டில் பாட்டுக்காரர் காலடியில் வைக்கிறார்கள். கேட்பவர் கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். உறவில்லாத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை என்றால் ஆமாம், சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே குளத்தில் விட்டுவிட வேண்டும். சிவப்புப் பூ எங்கே போயிற்று என்று பாட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லையாம், அதனால் நாமும் பார்க்கக் கூடாதாம்.

இதில் மற்றதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். அந்தக் கடைசி விதி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கடையில் தராசின் ஒரு தட்டை மட்டும் துணி போட்டு மூடி வைத்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இதைவிடக் கொடுமை, அக்கா கணக்கு டீச்சர். வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு நடத்தியவள். ஒரு பையில் வெள்ளைப் பந்தும் சிவப்புப் பந்தும் உள்ளன, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் வெள்ளை வருவதற்கான வாய்ப்பு என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, தப்பாகச் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள். இதை அவளிடம் ஞாபகப்படுத்தினேன்.

"பந்துகிட்ட நான் எதுவும் கேக்கலையேடா. அது சும்மா பந்து" என்றாள்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை, என் காரில் மூவரும் கிளம்பினோம். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஓர் அறுவடை மிஷின் எங்களுக்கு முன்னால், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போவது போல அசைந்து போயிற்று. அக்கா பின் சீட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்து, மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் ஒரு கூட்டு ரோட்டில் அலங்கார வளைவு வைத்திருந்தார்கள். பாட்டுக்காரர் அவதரித்த திருத்தலம் வலது பக்கம் என்றது அது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு வளைவு, இடது பக்கம் என்றது. இரண்டிலும் ஒரே முகம் வரைந்திருந்தது. ஓவியரும் ஒருவர்தான் என்று ஊகித்தேன்.

"ஒருத்தர் ரெண்டு ஊர்ல பொறக்க முடியுமாக்கா?"

"நீ ஒரே ஊர்லதான் பொறந்தே. என்னத்தைக் கிழிச்சே?"

மூச்சு வாங்கினாலும் இதற்கு மட்டும் அவளுக்குக் காற்று போதுமானதாக இருந்தது.

கோயில் சிறியது. சமீபத்தில் வெள்ளையடித்திருந்தார்கள். சன்னிதியில் பாட்டுக்காரர் கல்லில், முழ உயரத்தில், வாயை லேசாகத் திறந்தபடி நின்றிருந்தார். பாட்டின் நடுவில் யாரோ கூப்பிட்டு நிறுத்தியது போன்ற முகம். பக்கத்தில் ஓதுவார், என் வயதுதான் இருக்கும், நன்றாகப் பாடினார். நல்ல குரல் இருப்பவர்களை நம்பிவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு கொள்கை உண்டு. அதைக் காப்பாற்றுவதற்குள் சிரமப்பட்டுப்போனேன்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரே ஒருவர். சீர்காழிப் பக்கத்து விவசாயி, தாட்டியான ஆள், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டிராக்டரை விற்பவரோடு போனில் சன்னிதிக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "இருய்யா, இன்னும் அவரைக் கேக்கல. கேட்டுட்டுச் சொல்றேன். அடேய், வேற ஆளுக்குக் கொடுத்தீன்னா பாரு!"

அப்போதுதான் அதைக் கண்டேன். அத்தான் மெல்ல நழுவித் தூணுக்குப் பின்னால் ஓதுவாரை அழைத்துப்போய்க் காதோடு ஏதோ சொன்னார். அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பேசும் மொத்தப் பேச்சையும் அந்த ஒரு காதில் கொட்டினார். ஓதுவார் திரும்பி அக்காவைப் பார்த்தார். "நான் பாத்துக்கறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. அத்தானுக்குள் இப்படி ஒரு மூளை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வகையில் பொறாமையாகக்கூட இருந்தது. இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். ஓதுவார் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, "நீங்க உக்காந்துக்குங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னபோது என் ஊகம் உறுதியாயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் கல் தரை, இவளுக்கு மட்டும் நாற்காலி என்றால், ஏற்பாடு பலமாகத்தான் இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மோசடியின் பக்கம் நின்று மனநிம்மதியோடு கை கூப்பினேன்.

ஓதுவார் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பொட்டலங்களைக் கட்டினார். முதுகைக் காட்டுவதுதானே முறை என்று நினைத்துக்கொண்டேன்.

"மனசுக்குள்ள தெளிவா கேட்டுக்குங்கம்மா. ஒரே ஒரு கேள்வி."

அக்கா கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஓதுவார் ஒரு பாட்டைப் பாடினார். பாடி முடித்து, டிராக்டர்காரரைக் கைகாட்டி அழைத்தார். அவர் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

நார் பிரிந்தது. நந்தியாவட்டை.

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவள் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் அத்தானை ரகசியமாகப் பாராட்டிப் பார்த்துவிட்டு, உரக்கச் சொன்னேன்: "அப்புறம் என்னக்கா? அவரே சொல்லிட்டாரு. நாளைக்கே டாக்டர்கிட்ட தேதி வாங்கிடலாம்."

"எதுக்குத் தேதி?"

"ஆபரேஷனுக்கு."

"ஆபரேஷன் பண்ணிக்காமலே இருந்துடலாமான்னுல்ல கேட்டேன்" என்றாள் அக்கா, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே. "ஆமான்னுட்டாரு."

அத்தானின் முகம் வெளுத்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிற்று. ஏற்பாடு செய்தவர், கேள்வியை எந்தப் பக்கமிருந்து கேட்பாள் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார். கேள்வி மனதுக்குள் இருக்கும்வரை வெள்ளைப் பூ யாருக்கு வேலை செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது அவரால் உண்மையைச் சொல்லவும் முடியாது. அக்கா இந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய், பாதிப் படியில் உட்கார்ந்து, இரண்டு மாதத்தையும் கடத்திவிடுவாள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. தட்டில் அந்த இரண்டாவது பொட்டலம் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே வெள்ளை இருக்கும். இரண்டும் வெள்ளை என்றால் பதிலே இல்லை என்று ஆகிவிடும். அத்தானைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுகூட இல்லை, பழியை ஊர்மேல் போட்டுவிடலாம். ஒரு பகுத்தறிவுவாதியின் கம்பீரத்தோடு கையை நீட்டி எடுத்தேன்.

"சார், சார், அதைத் தொடாதீங்க!" என்று ஓதுவார் பதறினார்.

"தொட்டா என்ன? நியாயமா நடந்திருந்தா பயம் எதுக்கு?" என்று சொல்லி நாரை இழுத்தேன்.

உள்ளங்கையில் செவ்வரளி விழுந்தது.

டிராக்டர்காரரின் போனிலிருந்து மட்டும், "அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் டிராக்டர்காரர். பின்பு ஓதுவாரிடம் திரும்பி, "சாமி, எனக்கு இவரு எடுத்துக் கொடுக்க வேணாம். நான் வேற ஆளைக் கூட்டியாறேன்" என்று வெளியே போனார்.

ஓதுவார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அக்காவைப் பார்த்து, "பிரிச்சுட்டா அது செல்லாதும்மா. அவரு சொன்னது திரும்பிப் போயிடும். அதே கேள்வியை மறுபடி கேக்கணும்னா அடுத்த குருபூஜை கழிச்சுத்தான்" என்றார்.

"குருபூஜை எப்ப?" என்று அத்தான் கேட்டார்.

"ஆவணியில சார்."

அக்காவுக்கு ஆவணி வரை அவகாசம் இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியாவிட்டாலும் எங்கள் மூவருக்கும் தெரியும்.

குளக்கரைக்கு வந்தோம். அக்கா மேல்படியில் உட்கார்ந்தாள். அந்தச் செவ்வரளி இன்னும் என் கையில் இருந்தது.

"அதைக் கீழ போடேன். போட்டோ எடுத்து வெச்சுக்கப் போறியா?"

தண்ணீரில் போட்டேன். அது கரையை விட்டு நகரவில்லை.

"எதுக்குடா பிரிச்சே?"

"ரெண்டுலயும் வெள்ளைதான் இருக்கும்னு நெனச்சேன்."

"யாரு வெச்சிருப்பா அப்படி?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நானா?"

"தூணுக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போய்ச் சொன்னீங்கள்ல? அவரும் பாத்துக்கறேன்னாரே!"

"நாற்காலி கேட்டேன் மச்சான்" என்றார் அத்தான். "ரொம்ப நேரம் நிக்க முடியாது, மூச்சு வாங்கும், நான் கேட்டேன்னு தெரிய வேணாம்னு சொன்னேன். இவ எதிர்ல கேட்டா, நான் என்ன சீக்காளியான்னு சண்டைக்கு வருவா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதிர்லயே கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டிருக்கலாம்."

"வந்து உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்காதீங்க."

அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வயலில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றாள் அக்கா. இத்தனை நாளில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான். "முதல் நாளு அந்த டாக்டரு நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. சரி, பண்ணிக்கலாம்னுதான் எழுந்தேன். வாசல்ல வந்து நீ சொன்னே பாரு, அறுத்தாதான் கட்டுப்படியாகும்னு. அதுக்கப்புறம் எத்தனை டாக்டரைப் பாத்தாலும் என் கண்ணுக்கு அவங்க முகம் தெரியல. கட்டடம்தான் தெரிஞ்சது."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுக்கா."

"உனக்குப் பேச்சு. படுக்கப்போறது நான்."

கேலிக் கட்டுரைகள் எழுதிப் பெயர் வாங்கியவன் நான். அவளுக்கு ஒரு படி கீழே போய் உட்கார்ந்தேன்.

"அவரு ஒரு பதில் சொன்னாரு. தப்போ ரைட்டோ, சொன்னாரு. அதைக் கெடுத்துட்டே. இப்ப அவர் எடத்துல நீ சொல்லு" என்றாள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா எனக்குச் சரியாயிடுமா?"

"அக்கா, மூணு டாக்டரும் சொல்றதைப் பாத்தா அநேகமா..."

"அநேகமாவை எடுத்துட்டுச் சொல்லு."

"சரியாயிடும்."

கடையில் நான் கத்திரிக்காயைச் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது போல அவள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகம் எனக்கு மட்டும் வந்த சொத்து இல்லை, எங்கள் வீட்டில் பாகம் பிரிக்காமல் கிடப்பது.

"தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"என் தலையிலயா?"

"உன் தலை யாருக்கு வேணும்? என் தலையில."

பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலைமேல் செய்தோமோ அவர்களுக்குத்தான் ஆகாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பூவில் நம்பிக்கை கிடையாது, விதியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை எழும்பவில்லை. நம்பிக்கை இல்லாதவனுக்குக் கை ஏன் எழும்ப மறுக்கிறது என்று அக்காவும் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளே என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். வகிட்டில் நரை தெரிந்தது. வெயிலில் தலை சூடாக இருந்தது.

"சரியாயிடும்க்கா. சத்தியமா" என்றேன்.

அவள் எழுந்துகொள்ளக் கையை நீட்டினாள். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அத்தானும் பிடித்துக்கொண்டோம். திரும்பும்போது அதே அறுவடை மிஷின், இப்போது எதிர்ப்பக்கமாக, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். "நம்பர் இருக்குல்ல? போடுங்க" என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் டயல் செய்து கொடுக்க, ஆஸ்பத்திரிப் பெண்ணோடு அவளே பேசித் தேதி வாங்கினாள். மிஷின் எங்களைத் தாண்டிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆபரேஷன் நாள் வரை நான் என் வலது கையைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கொண்டு எழுதவும் பிடிக்கவில்லை. அன்று தியேட்டர் வாசலில் நானும் அத்தானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கட்டடம் பெரியதாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்து கண் விழித்ததும் அக்கா முதலில் அத்தானைப் பார்த்தாள். பின்பு என்னைப் பார்த்தாள். நான் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தேன்.

"வெளிய எடுடா. இனிமே அதுக்கு வேலை இல்ல" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

இப்போது மாடிப்படி முழுவதும் ஏறுகிறாள். ஏறிப்போய் மேலிருந்து என்னைத் திட்டுகிறாள். ஆவணிக் குருபூஜைக்குப் பாட்டுக்காரரைப் பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். என்ன கேட்கப் போகிறாள் என்று கேட்டால், மனதுக்குள் கேட்பதை உன்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறாள். வண்டி ஓட்ட மட்டும் நான் வேண்டுமாம். கோயில் வாசலில் அவர்கள் இரண்டு பேரும் இறங்கிக்கொள்வார்களாம். என்னைக் காருக்குள்ளேயே உட்காரவைத்து, கதவைப் பூட்டிச் சாவியை அத்தான் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம்.

கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவைக்கும்படி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.